தனித்தனியே எல்லாம் சரி

பெட்டி மறுபடியும் நின்றபோது, கணபதிப் பகுதியில் இருந்த அந்த மாடிவீட்டில் ஐந்து பேரும் ஒருசேர ஒன்றும் தெரியாதவர்கள் ஆனார்கள். சிவசாமி பாதிப் பித்தான் போட்ட சட்டையோடு நின்று, இது யார் சட்டை என்று யோசித்தார். அடுப்படியில் கலாமணி கரண்டியைப் பிடித்தபடி கடுகு கருகுவதை வேடிக்கை பார்த்தாள். மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த மகள் தர்ஷினி, திரையில் தெரிந்த முகங்களைப் பார்த்து, “நீங்கல்லாம் யாருங்க?” என்று கேட்டாள். வீட்டுக்கு மூத்த பிள்ளையும் அந்தப் பெட்டியைத் தன் கையாலேயே கோத்தவனுமான நவநீதனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இப்படிப்பட்ட வீடுகளில் எல்லாம் கூடத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கும். ‘பயப்பட வேண்டாம். இது உங்கள் வீடுதான். சிவப்புப் பொத்தானை அழுத்தவும்.’ அதைப் படித்தான், சொன்னபடி செய்தான்.

விசிறி சுற்றியது. அவரவர் அவரவருக்குத் திரும்பி வந்தார்கள். சிவசாமி மிச்சப் பித்தானைப் போட்டார். கலாமணி கருகிய கடுகைக் கொட்டிவிட்டுத் திட்ட ஆரம்பித்தாள். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த தேன்மொழி மட்டும் எழுந்திருக்கவில்லை. நவநீதனைக் கட்டிக்கொண்டு வந்து, தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட மங்காத பெண்.

“ஏனுங்க,” என்றாள் புருஷனைப் பார்த்து. “எங்கம்மா பேரு என்னுங்க?”

அவன் சொன்னான். அவள் அதை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். யாரோ ஒரு பெண்பிள்ளையின் பேராகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

மறதிக் காய்ச்சல் வந்துபோன பிறகு, பிழைத்தவர்களில் பாதிப் பேருக்கு மண்டை ஓட்டைப் பானையாகிவிட்டது. ஊற்றினது தங்காது. அதனால்தான் காதுக்குப் பின்னால் ஒரு வில்லை, வீட்டில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஆளுக்கு ஒரு ஞாபகத் தகடு, ரேம். கம்பெனிக்காரர்கள் அதற்கு நீளமாக வேறு பேர் வைத்திருக்கிறார்கள். பழைய பழக்கத்தில் ஊரே ரேம் என்றுதான் சொல்கிறது. வீட்டுக்குள் இருக்கும்வரை ஞாபகமெல்லாம் நேராகப் பெட்டியிலிருந்து வரும். வெளியே கிளம்பினால் அரை நாளுக்கு வேண்டியதைப் பெட்டி வில்லையில் கட்டிக் கொடுத்துவிடும், கட்டுச்சோறு மாதிரி. அது தீர்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். திரும்பப் பெட்டி இல்லாதவர்களை ஊருக்கு வெளியே ஒரு இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே தினமும் காலையில் ஒரு அம்மாள் வந்து எல்லாருக்கும் அவரவர் பேரைச் சொல்லிவிட்டுப் போவாள்.

கல்யாணத்தன்று கலாமணிதான் மருமகளின் ரேமை ஸ்லாட்டில் ஏற்றினாள். மாமியார் கையால் ஏற்றுவதுதான் வழக்கம். மஞ்சளும் குங்குமமும் தங்க முனைமேலேயே தாராளமாக வைத்து, குலவையிட்டு, அமுக்கினாள். அன்று சாயங்காலமே பெட்டி கத்திக்கொண்டு நின்றது. நவநீதன் ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அழிரப்பரால் முனையைத் தேய்த்துத் துடைத்து மறுபடி ஏற்றினான். பம்ப்செட் கம்பெனி வேலை போக, ஊரில் ரேம் பழுதும் பார்ப்பவன். பத்தில் எட்டுக் கோளாறு அழிரப்பரில் தீர்ந்துவிடும் என்பது அவன் தொழில் அனுபவம். இது மிச்ச இரண்டில் ஒன்று. அதற்குப் பிறகும் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. புது ஆளுடையதை மற்றவர்களுடையதோடு கலந்து பிரதி எடுத்து முடிக்கும்வரை, இடையில் நின்றால் சேதமெல்லாம் புது ஆளுக்குத்தான். முதலில் தேன்மொழிக்குக் கல்லூரித் தோழி ஒருத்தியின் முகம் போனது. பிறகு சைக்கிள் ஓட்டத் தெரிந்தது போனது. இப்போது அம்மாவின் பேர்.

“வந்த நாள்லருந்து இதே ரோதனையாப் போச்சு,” என்றாள் கலாமணி, மருமகள் காதில் விழும்படி. “நல்லா ஓடிட்டிருந்த பெட்டி. என்ற ராசியா அவ ராசியா? பேசாம அவளோடதக் கழட்டி, அவளக் கொண்டுபோயித் தாராபுரத்துல உட்டுட்டு வந்துரு கண்ணு.”

“அங்க அவ ஸ்லாட்ட அண்ணன் பொண்டாட்டிக்குக் குடுத்துட்டாங்கம்மா.”

“அதுக்கு நாம என்ன பண்றது? அமாவாச வரைக்கும் பாக்கறேன்.”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். காலம் எவ்வளவு மாறினாலும் குடம் மாறுவதில்லை. அமாவாசை தாண்டினால் தேன்மொழிக்குப் போக்கிடம் அந்த இல்லம்தான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நவநீதன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சாமி அறைக்குப் பக்கத்தில் பெட்டி இருந்த சின்ன அறையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் மனைவி மிருதுளா தவறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆடிப் பதினெட்டு அன்று, வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளையோடு, குளியலறையில் விழுந்து ரத்தம் கொட்டி, கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. அம்மாதான் பக்கத்தில் இருந்து பார்த்தாள். அவன் பம்ப்செட் கம்பெனியில் வேலையில் இருந்தான். அந்தத் துக்கத்திலிருந்து ஒரு மாதிரி எழுந்து வந்து கட்டியவள் தேன்மொழி. இவளையும் துளித்துளியாக இழந்துகொண்டிருக்கிறோம் என்பது அவனைத் தின்றது. கோளாறைக் கண்டுபிடிக்காமல் எழுந்திருப்பதில்லை என்று நினைத்துக்கொண்டான்.

தேன்மொழி ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். “என்ன பண்றீங்கன்னு சொல்லிச் சொல்லிப் பண்ணுங்க. நாம்பாட்டுக்கு உக்காந்திருந்தா அடுத்தது எது போகுமோன்னு பயமா இருக்குது.”

“ரேம் சேரலைன்னா முறை ஒண்ணுதான் அம்மிணி. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, ஒவ்வொண்ணா மாட்டிப் பாக்கறது. எது தனியா நிக்கமாட்டேங்குதோ அதுதான் கெட்டது.”

எல்லாருக்கும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு ஐந்தையும் கழற்றினான். முதலில் தேன்மொழியுடையதை மட்டும் மாட்டினான். சோதனை பச்சையில் முடிந்தது. அப்பாவுடையது பச்சை, அம்மாவுடையது பச்சை, தர்ஷினி பச்சை, அவனுடையதும் பச்சை. ஸ்லாட்டில் பழுது இருக்குமோ என்று இடம் மாற்றிப் பார்த்தான். வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். மின்னழுத்தத்தை ஒரு நூல் கூட்டிப் பார்த்தான். தனித்தனியே பார்த்தால் எல்லாம் சொக்கத் தங்கமாகத்தான் இருந்தன.

“அப்பறம் ஏனுங்க நிக்குது?”

“சேர்ந்தாத்தான் சிக்கல் போல. ரெண்டு ரெண்டா மாட்டிப் பாத்துறலாம்.”

தேன்மொழியோடு அப்பாவைச் சேர்த்தான், ஓடியது. தேன்மொழியோடு அம்மாவைச் சேர்த்தான், ஓடியது. தர்ஷினியோடும் ஓடியது, அவனோடும் ஓடியது. பிறகு, சந்தேகம் இல்லாவிட்டாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே என்பதற்காக, தேன்மொழியை எடுத்து வைத்துவிட்டு அம்மாவையும் தர்ஷினியையும் சேர்த்து முழுச் சோதனை போட்டான். பெட்டி கத்திக்கொண்டு நின்றது.

அவன் நம்பவில்லை. அப்பாவையும் அம்மாவையும் சேர்த்தான், நின்றது. தன்னையும் அம்மாவையும் சேர்த்தான், அதுவும் நின்றது. எங்கே நின்றது என்று திரையில் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஒரே இடம்.

“உன்றது மேல தப்பே இல்ல,” என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. “கோளாறு எங்க நாலு பேரோடதுல.”

“அப்ப இத்தன நாளு எப்படிங்க ஓடுச்சு?”

“நாலு பேரு இருந்தப்ப பெட்டி பழசத் திரும்பிப் படிக்கவே இல்ல. அன்னன்னைக்கு வந்தத எழுதிட்டே போச்சு. புதுசா ஒரு ஆளு ஏறுனாத்தான், எல்லார்த்தோடதையும் மொதல்ல இருந்து சேத்து வெச்சுப் படிச்சு, அடுக்கி, எடம் பிரிச்சுக் குடுக்கும். நீ வந்ததுனால படிக்குது. அவ்வளவுதான். பழுது முன்னாடியே இருந்திருக்குது.”

“எந்த எடத்துல நிக்குதுங்க?”

நவநீதன் திரையைத் திருப்பிக் காட்டவில்லை. “ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஆடிப் பதினெட்டு. மத்தியானம்.”

ரேம் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தர்மம் உண்டு. பழுது பார்க்கலாம், துடைக்கலாம், மாற்றலாம். தாயானாலும் பிள்ளையானாலும் இன்னொருவர் பக்கத்தைத் திறந்து படிக்கக் கூடாது. நவநீதன் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதை மீறியதில்லை. அன்று மீறினான். அந்த ஒரு மத்தியானத்தை மட்டும், நான்கு பேருடையதிலும் திறந்தான்.

அம்மாவின் மத்தியானம் முதலில். விடியற்காலையில் எழுந்து எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று கிளறி வைத்த அலுப்பில் கீழறையில் படுத்திருக்கிறாள். மாடியிலிருந்து “அத்த” என்று ஒரு குரல். இன்னொரு தடவை “அத்த”. மேலே தர்ஷினிதான் இருக்கிறாளே, போய்ப் பார்ப்பாள் என்று திரும்பிப் படுக்கிறாள். தர்ஷினி மாடியில், அடுத்த அறையில், காதில் ஹெட்போனோடு வேலையில் இருக்கிறாள். அண்ணியிடமிருந்து ஒரு மெசேஜ், ‘சித்த வாயேன்’. ‘மீட்டிங்ல இருக்கேன் அண்ணி, அம்மாவ அனுப்பறேன்’ என்று பதில் போடுகிறாள். அனுப்பவில்லை, மறந்துவிட்டாள், அம்மா போயிருப்பாள் என்று பிறகு நினைத்துக்கொள்கிறாள். அப்பா கூடத்தில் டிவி பார்க்கிறார். மேலே ஏதோ விழுகிற சத்தம். பொம்பளைகள் சமாச்சாரம், கலாமணி பார்த்துக்கொள்வாள் என்று சத்தத்தைக் கூட்டுகிறார்.

கடைசியாகத் தன்னுடையதைத் திறந்தான். கம்பெனியில் ஒரு மோட்டாரைச் சோதனைக்கு ஓடவிட்டுக்கொண்டு நிற்கிறான். போன் அடிக்கிறது. “ஒரு மாதிரியா இருக்குதுங்க. கொஞ்சம் வர்றீங்களா?” என்கிறாள் மிருதுளா. “அம்மா இருக்காங்கல்ல, கூப்புடு,” என்று கட் பண்ணுகிறான். மறுபடி அடிக்கிறது. சத்தத்தை அணைத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். அம்மா போயிருப்பாள் என்று அன்றைக்கு நினைத்தது, சாவு வீட்டில் அழுது முடிப்பதற்குள் அம்மா போனாள் என்று ஆகியிருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் என்று யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் போனுக்கும் அவளைக் கண்டுபிடித்ததற்கும் நடுவில் ஒரு மத்தியானம் முழுக்க இருந்தது.

நவநீதன் சுவரில் சாய்ந்தான்.

தேன்மொழி கேட்டாள். “என்னுங்க அதுல?”

அவன் சொன்னான். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அவள் முக்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

“பெட்டி என்ன கேக்குதுன்னா, அந்த நேரத்துல மிருதுளாகிட்ட யாரு இருந்தாங்கன்னு. அம்மாவுதுல தர்ஷினின்னு இருக்குது. தர்ஷினியோடதப் பாத்தா அம்மான்னு இருக்குது. அப்பாவுதும் அம்மா, என்றதும் அம்மா. திருப்பி அம்மாகிட்டப் போனா தர்ஷினி. சுத்திச் சுத்தித் தேடிப் பாத்துட்டு, முடியாம நின்னுருது.”

“யாருதாங்க இருந்தாங்க?”

நவநீதன் திரையை அணைத்தான்.

மறுநாள் காலைப் பலகாரம் முடிந்ததும் எல்லாரையும் பெட்டி அறைக்குக் கூப்பிட்டான். தொழில்காரன் மாதிரிப் பேசிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தான். குறையவில்லை.

“வழி ரெண்டு இருக்குது. நாலு பேரும் அவங்கவங்க வாயால உள்ளத உள்ளபடி சொல்லோணும். யாரும் போகலைன்னு. சொன்னாப் போதும், பெட்டி திருத்திக்கும், எல்லாம் சேந்துரும். இல்லைன்னா அந்த எடத்தையே மூடிரலாம். ஆனா மூடுனா அந்த மத்தியானம் மட்டும் போகாது. அதத் தொட்டுட்டு நிக்கற அத்தனையும் போகும். மிருதுளாவே போயிருவா. அப்படி ஒருத்தி இந்த வீட்ல இருந்தான்னே நமக்குத் தெரியாது.”

“யாரும் போகலைன்னா என்ன அர்த்தம்?” என்றாள் கலாமணி. “நாந்தான அவளத் தூக்கி மடில போட்டேன்?”

“அது எல்லாம் முடிஞ்சப்பறம்மா.”

“டே, நான் படுத்துத் தூங்கிட்டேன்டா. விடியால எந்திரிச்சு வெந்துட்டு, அசந்து தூங்கிட்டேன். தூங்கறது ஒரு குத்தமா?” தூங்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

நவநீதன் பெட்டியின் பக்கம் குனிந்தான். “ஆடிப் பதினெட்டு மத்தியானம் மிருதுளா எனக்குப் போன் பண்ணினா. நான் கட் பண்ணிட்டேன். மறுபடி பண்ணினா, எடுக்கல. யாரையும் போகச் சொல்லல.” நான்கு விளக்கில் ஒன்று பச்சையானது. நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தான்.

பூனைக்கு யாரோ ஒருவன் மணி கட்டிவிட்டால் மற்றவர்கள் தொடர்வார்கள் என்று நினைப்பது புத்தகத்துப் புத்தி. தர்ஷினி முகத்தை மூடிக்கொண்டு, “என்னால முடியாதுண்ணா, சொன்னா நான் செத்துருவேன்,” என்று அழுதாள். சிவசாமி தொண்டையைச் செருமினார்.

“மூடிரு,” என்றார். “இவ பொழைக்கோணும்னுதான கேக்கற? மூடுனாலும் பொழைச்சுக்குவாளல்ல? அப்பறமென்ன?”

அது உண்மைதான். இன்னொரு தடவை பெட்டி நின்றால் தேன்மொழிக்கு அவனையே அடையாளம் தெரியாமல் போகலாம். அவன் மூடுவதற்கான கட்டளையைப் போட்டான். பெட்டி ஒவ்வொருவரிடமும் சம்மதமா என்று குரலில் கேட்டது. அப்பா சம்மதம் என்றார். அம்மா சம்மதம் என்றாள். தர்ஷினி அழுகைக்கு நடுவில் சொன்னாள். நவநீதனும் சொன்னான். செத்தவளை இரண்டாம் தடவை சாகவிடுகிறோம் என்று தெரிந்தேதான் சொன்னான். அந்த நிமிஷத்தில் தன்னை அவன் வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை.

பெட்டி ஐந்தாவது ஆளைக் கேட்டது. விஷயம் தெரிந்தவள் அவளும் ஆயிற்றே.

“இல்லீங்க,” என்றாள் தேன்மொழி.

“ஏம்மிணி, உனக்காகத்தான பண்றோம்!” என்றார் சிவசாமி.

“எங்கம்மா பேரு எனக்குப் போயிருச்சுங்க மாமா. ஒரு ஆளோட பேரு போனா எப்படி இருக்கும்னு இந்த வீட்ல எனக்கு மட்டுந்தான் தெரியும். அவங்க கூப்புட்டப்பவும் போகல. இப்ப கூப்புட்டதே இல்லைன்னு ஆக்கோணுங்கறீங்க.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நாளைக்கு நானும் வயித்துல ஒண்ணோட மாடில இருந்து கூப்புடுவேன். அப்ப யாரு வருவீங்க? தெரிஞ்சு இருக்கறப்பவே வர ஆளில்ல. தெரியாமப் போச்சுன்னா?”

“அப்பப் போ,” என்றாள் கலாமணி. “இல்லத்துல போயி இருந்துக்க.”

தேன்மொழி நவநீதனைத்தான் கேட்டாள். “மிருதுளாக்கா ஊரு கோபிங்கதான? அங்க பெட்டி இருக்குதுங்களா?”

“இருக்குது. நாந்தான் போட்டுக் குடுத்தேன். இதே போர்டு. இதோட கடைசிப் பீஸு. இப்ப எங்க தேடுனாலும் கெடைக்காது.”

“அவங்க ஸ்லாட்டு?”

“காலியாத்தான் வெச்சிருக்காங்க. யார் யாரோ கேட்டும் குடுக்கல.” “அவ ரேமையாவது குடுங்கன்னு எங்கிட்டக் கேட்டாங்க. அதுக்குள்ள அம்மா சாம்பலோட சேத்துப் பேரூர்ல ஆத்துல உட்டுட்டாங்க. அதுதான் வழக்கமுன்னு.”

“நான் அங்க போறேனுங்க. கட்டுச்சோறு கட்டிக் குடுங்க.”

அவள் தன் ரேமைத் தானே கழற்றினாள். அப்போதுதான் சிவசாமிக்கு உறைத்தது. “டே நவநீதா, அதுல எல்லாம் இருக்குதல்லடா! அங்க போயி வாயத் தொறந்தான்னா நம்ம கதி? போலீசு வரைக்கும் போவாங்கடா. வாங்கு அத!”

நவநீதன் கையை நீட்டினான். தேன்மொழி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கொடுத்தாள். அவன் அதை வெள்ளி உறையில் போட்டு, ஓரத்தை மடித்து ஒட்டி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு தெருவில் இறங்கினான். பின்னால் அம்மா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

கோபி பஸ்ஸில் கூட்டமில்லை. அவிநாசி தாண்டியது.

“நீங்க எறங்கி வீட்டுக்குப் போறதுன்னாப் போங்க,” என்றாள் தேன்மொழி. “நான் கேட்டுக்கேட்டுப் போயிக்குவேன்.”

“வர்றேன்.”

“அங்க என்ன சொல்றதுன்னு யோசிச்சீங்களா?”

“மொதல்ல உன்றத ஏத்திரலாம். பெட்டி ஓட்டும். அப்பறம் நிதானமாச் சொல்லிக்கலாம்.” அப்படித்தான் அவன் நினைத்திருந்தான். அவள் தலையாட்டிவிட்டு ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள். வெயில் முகத்தில் அடித்தது. அவன் துண்டை எடுத்து ஜன்னலில் கட்டினான்.

மிருதுளாவின் அப்பா வெள்ளியங்கிரி வாசலுக்கே வந்து, “வாங்க மாப்ளெ, வாங்க,” என்று கையைப் பிடித்துக்கொண்டார். மகள் போன பிறகும் அவருக்கு அவன் மாப்பிள்ளைதான். மிருதுளாவின் அம்மா உள்ளேயிருந்து வந்து, தேன்மொழியைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, “வா சாமி,” என்றாள். புதுப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறானே என்ற சுணக்கம் இரண்டு பேர் முகத்திலும் இல்லை. நவநீதனுக்கு அது அடியாக விழுந்தது.

பெட்டி சேரவில்லை, ஒரு ஸ்லாட் வேண்டும் என்று மட்டும் சொன்னான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதுக்கென்ன,” என்றாள் மிருதுளாவின் அம்மா கடைசியில். “எங்க புள்ளைக்குன்னு வெச்சிருந்தது. இதுவும் ஒரு புள்ளைதான். ஏத்திக்கட்டும்.”

வெள்ளியங்கிரி பெட்டியின் மூடியைக் கழற்றினார். காலி ஸ்லாட்டில் தூசி விழாமல் ஒரு பட்டுத் துணி வைத்து அடைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டே பேசினார்.

“உங்கம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க மாப்ளெ. எம்பொண்ணு போன அன்னைக்கு அவங்க கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தாங்க. தனியாக் கெடந்து சாகல. எங்களுக்கு இருக்கற ஆறுதல் அது ஒண்ணுதான். தெனமும் சொல்லிக்குவோம், இல்ல?”

“ஆமாங்க,” என்றாள் அவர் மனைவி.

நவநீதனின் கை சட்டைப் பையிலேயே நின்றுவிட்டது. தொழில்காரனான அவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். இந்த இரண்டு பேருடைய ரேமிலும் அந்த மத்தியானம் இருக்கிறது. அங்கே, பக்கத்தில் இருந்தது சம்பந்தியம்மா என்று எழுதியிருக்கிறது. தேன்மொழியுடையதில் யாருமில்லை என்று இருக்கிறது. ஏற்றியதும் இந்தப் பெட்டியும் சேர்த்துப் படிக்கும், அதே இடத்துக்கு வரும், அதே கேள்வியைக் கேட்கும், நிற்கும். சேதம் புது ஆளுக்கு. அவன் சொன்னதைக் கேட்ட நாள், கணபதி வீடு, அவள் இல்லை என்று சொன்னது, எல்லாம் அதோடு போய்விடும். ஒத்துவரவில்லை, ரேம் பழுது என்று கையை விரித்துவிடலாம். அவன் ஒன்றுமே செய்ய வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வீடு பிழைக்கும், அம்மா பிழைப்பாள், இந்த இரண்டு பேருக்கும் அவர்களுடைய ஆறுதல் மிஞ்சும்.

தேன்மொழி வெள்ளி உறையை அவன் பையிலிருந்து தானே எடுத்து வெள்ளியங்கிரியிடம் கொடுத்தாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது. பிழைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் தோள் தளர்ந்திருந்தது.

வெள்ளியங்கிரி உறையைப் பிரித்து, ரேமை ஸ்லாட்டுக்கு நேராகப் பிடித்தார். “இந்தப் பக்கந்தானுங்க மாப்ளெ? ஏத்திரட்டுங்களா?”

“இருங்க மாமா,” என்றான் நவநீதன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னான். “ஏத்தாதீங்க. அதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேருத்துக்கிட்டயும் ஒண்ணு சொல்லோணும். அத்தையையும் உக்காரச் சொல்லுங்க.”

வெள்ளியங்கிரி ரேமைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது.

“சொல்லுங்க மாப்ளெ,” என்றார்.

அவர் அப்படிக் கூப்பிடுவது இதுதான் கடைசி என்று நவநீதனுக்குத் தெரியும். அவன் சொல்லத் தொடங்கினான்.